சுவரில்லாத சித்திரசாலை

1660 ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பெரியதொரு தொகுதி அச்சாகி வெளிவந்தது. அதன் பெயர் 'தியாத்ரம் பிக்டோரியம்'. 'சித்திர அரங்கம்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அதை வெளியிட்டவர் இளைய டேவிட் டெனியர்ஸ் என்னும் ஓவியர். அக்காலத்தில் ஸ்பெயின் அரசுக்கு உட்பட்டிருந்த நெதர்லாந்துப் பகுதியை ஆளுநராக இருந்து ஆண்ட லியோபோல்ட் வில்ஹெல்ம் என்ற இளவரசருக்கு அவர் அரண்மனை ஓவியராகவும் சித்திரசாலைக் காவலராகவும் இருந்தவர். இளவரசர் சேர்த்துவைத்த ஓவியங்கள் ஆயிரத்துக்கும் மேல். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு, முதலாம் சார்லஸ் மன்னரும் அவர் பக்கம் நின்ற ஹாமில்டன் கோமகனும் 1649 இல் தலையிழந்தபோது, கோமகனின் ஓவியங்கள் விலைக்கு வந்தன. அவற்றுள் சிறந்தவை பல பிரஸ்ஸல்ஸ் வந்து சேர்ந்தன. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் மற்றொரு வீட்டுச் சுவர் நிறைவது ஓவியச் சேகரிப்பின் சரித்திரத்தில் பழைய வழக்கம்.

டெனியர்ஸ் மேற்கொண்ட வேலை எளிதன்று. இளவரசரின் இத்தாலிய ஓவியங்களுள் 243 ஐத் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சின்னஞ்சிறு பலகைகளில் எண்ணெய் வண்ணத்தால் தாமே பார்த்து எழுதினார். அந்தச் சிறு பிரதிகளைப் பார்த்துச் சிற்பிகள் பலர் செப்புத் தகட்டில் செதுக்கினர். தகட்டிலிருந்து தாளில் அச்சு ஏறிற்று. ஓர் ஓவியச் சேகரிப்பைப் படங்களோடு அச்சிட்டுக் காட்டிய முதற் பட்டியல் நூல் இதுவே என்று கலை வரலாற்றாசிரியர் கூறுவர். பிரஸ்ஸல்ஸுக்கு ஒருநாளும் வராத ஒருவர், தம் ஊரில் தம் மேசைமீது அந்தத் தொகுதியை விரித்து வைத்துக்கொண்டு இளவரசரின் சித்திரசாலையில் உலவலாம்.

இதற்கு முன்பே டெனியர்ஸ் மற்றொரு வகைப் படங்களையும் எழுதியிருந்தார். உயர்ந்ததொரு கூடம், தரை முதல் கூரைவரை இடைவெளியின்றிச் சட்டமிட்ட ஓவியங்கள், நடுவே தொப்பியணிந்த இளவரசர், பக்கத்தில் பணிவோடு ஓவியர். இப்படிப்பட்ட படங்கள் பிற அரசவைகளுக்குப் பரிசாகச் சென்றன. ஒன்று இன்றும் மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது; மற்றொன்று வியன்னாவில் இருக்கிறது. அப்படங்களில் காணும் கூடம் பிரஸ்ஸல்ஸ் அரண்மனையில் அப்படியே இருந்த கூடம் அன்று என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஓவியங்கள் மெய், அவற்றைத் தாங்கிய சுவர் கற்பனை.

கணினித் திரையில் மாத்திரம் இருக்கும் இத்தகைய கூடத்தை இன்று நாம் 'மெய்நிகர் காட்சிக்கூடம்' என்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல், கணக்கினால் கட்டப்பட்ட மண்டபம் அது. அதன் சுவர்களில் எண்களாக மாற்றப்பட்ட ஓவியங்கள் தொங்குகின்றன. பார்ப்பவர் விரலசைவினால் அறைக்கு அறை நடக்கிறார். இது நேற்றுப் பிறந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். கருவி புதிது, எண்ணம் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் பழையது.

இந்தச் சரித்திரத்தை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. கணினிக் கூடங்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் எங்கும் அடிபடுகின்றன. ஒன்று, உலகத்துக் கலைச் செல்வம் முழுவதும் எல்லாருக்கும் திறந்துவிட்டது என்பது. மற்றொன்று, எண்வடிவில் பதிந்துவிட்டால் எதுவும் அழியாது என்பது. இரண்டும் பாதி உண்மை. மறுபாதியைத்தான் நான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேசுவது இருட்டில் கோலம் போட்டுக் காட்டுவதைப் போன்றது என்பதை நான் அறிவேன். நேயர்கள் தம் மனக்கண்ணைக் கொஞ்சம் தூண்டிவிட்டுக்கொள்ள வேண்டும்.

டெனியர்ஸின் தொகுதிக்குக் குறைகள் இருந்தன. வண்ணம் இல்லை, கறுப்பு மையில் ஆன படங்கள். செதுக்கும் முறையினால் பல படங்கள் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி அச்சாயின. கண்ணாடியில் முகம் பார்ப்பது போலத்தான் பிரபுக்கள் அந்த ஓவியங்களைப் பார்த்தார்கள். ஆயினும் அந்த உழைப்பு வீண் போகவில்லை. ஜியோர்ஜியோனே என்ற வெனிஸ் நகரத்து மேதை, குழந்தைப் பாரிஸை இடையர் கண்டெடுக்கும் காட்சியை ஓவியமாக எழுதியிருந்தார். அந்த மூல ஓவியம் இன்று இல்லை. அதன் முழு அமைப்பை நாம் அறிவதற்குத் துணையாக இருப்பது டெனியர்ஸ் எழுதி வைத்த சிறு பிரதியே. எஜமானைவிட நிழல் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டது.

எல்லாப் பிரதிக்கும் அந்த நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. அதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. அஜந்தாக் குகை ஓவியங்களைப் பிரதி எடுக்கும் பணிக்குச் சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்ற அதிகாரி 1844 இல் நியமிக்கப்பட்டார். குகையின் மங்கலான வெளிச்சத்தில், காய்ச்சலோடும் காட்டோடும் போராடி, பல ஆண்டுகள் அவர் பெரிய பெரிய துணிகளில் அவ்வோவியங்களை எழுதினார். அவை லண்டனுக்குச் சென்று, பளிங்கு மாளிகை என்று பெயர்பெற்ற கிரிஸ்டல் பாலஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தது. ஒரு சிலவே மிஞ்சின. பிறகு பம்பாய்க் கலைப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், தம் இந்திய மாணவர்களை அழைத்துச் சென்று 1872 முதல் 1885 வரை மீண்டும் அதே பணியைச் செய்தார். அந்தப் பிரதிகளும் லண்டனுக்குப் போயின. 1885 இல் தென் கென்சிங்டன் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை அழிந்தன.

மூலத்தைக் காப்பாற்றுவதற்கென்று எழுதிய பிரதி, மூலம் குகையிலேயே இருக்க, கடல் கடந்து போய் இருமுறை எரிந்தது. அதோடு நிற்கவில்லை. நிறம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பிரதி எடுத்தவர்கள் குகைச் சுவரில் வார்னிஷ் பூசினார்கள். நாளடைவில் அந்த வார்னிஷ் மஞ்சளித்து, அழுக்கேறி, ஓவியத்துக்கே தீங்காயிற்று. நல்ல எண்ணத்தோடு செய்த கெடுதல்! காமிரா வந்த பின்னர் அந்த ஒரு கெடுதலாவது நீங்கியது. தொடாமலே படம் எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

புகைப்படம் மற்றொரு மாறுதலையும் செய்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ 1947 இல் எழுதிய ஒரு நூலில் அதை எடுத்துக் காட்டினார். புகைப்படப் புத்தகத்தில் கட்டைவிரல் அளவு முத்திரையும் கோபுரத்தளவு சிலையும் ஒரே பக்கத்தில் ஒரே அளவாகிவிடுகின்றன; ஊர், காலம், அளவு என்ற வேலிகள் சரிகின்றன; படித்தவன் ஒவ்வொருவனும் தன் நெஞ்சில் ஒரு கற்பனை அருங்காட்சியகத்தைக் கட்டிக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. நூலின் பெயரும் 'கற்பனை அருங்காட்சியகம்' என்பதே. கணினிக்காரர்கள் கட்டிய கூடத்துக்கு அடிக்கல் அங்கே இருக்கிறது.

இனிக் கணினிக்கு வருவோம். ஓர் ஓவியம் எண்ணாக மாறுவது எப்படி? படத்தின் பரப்பைக் கட்டம் கட்டமாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகள் எவ்வளவு என்று அளந்து மூன்று எண்களாகக் குறிக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் படப்புள்ளி என்று பெயர். திரை அந்த எண்களைப் படித்து மீண்டும் ஒளியாக்குகிறது. ஆகவே நாம் திரையில் காண்பது சாயம் அன்று, ஒளி. ஒரே ஓவியம் ஒரு தொலைபேசித் திரையில் இளஞ்சிவப்பாகவும், மற்றொரு திரையில் செங்கல் நிறமாகவும் தோன்றுவதை நீங்களே கண்டிருக்கலாம். எண் ஒன்றுதான், அதைப் படிக்கும் திரைக்குத் திரை குரல் வேறு.

1991 ஆம் ஆண்டு லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் புதிய கட்டடப் பகுதியைத் திறந்தபோது, அதனுள்ளே 'மைக்ரோ காலரி' என்ற கணினி அறை ஒன்றையும் வைத்தது. வருவோர் திரையை விரலால் தொட்டு, கூடத்தின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களுள் எதையும் வரவழைத்துப் பார்த்துப் படிக்கலாம். இணையம் பொதுமக்களிடம் பரவுவதற்கு முன்பு நடந்த செய்தி இது. இரண்டே ஆண்டில் அது குறுந்தகடாக விற்பனைக்கு வந்தது. ஒரு பெரிய தேசத்தின் ஓவியக்கூடம் உள்ளங்கையில் அடங்கிற்று. இன்று அந்தத் தகட்டைக் கையில் கொடுத்தால், அதைச் செருகுவதற்குத் துளை உள்ள கணினியைத் தேடி அலைய வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1994 இல் பாரிஸ் நகரத்து மாணவர் நிக்கோலா பியோஷ் என்பவர் தாமாகவே ஓவியப் படங்களைத் திரட்டி, 'வெப்லூவர்' என்ற பெயரில் இணையத்தில் ஒரு கூடம் அமைத்தார். அரசு உதவியில்லை, அருங்காட்சியகத்தின் அனுமதியும் இல்லை. உலகெங்கும் மக்கள் வந்து பார்த்தனர். லூவர் அருங்காட்சியகம் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை சொல்லிற்று, பெயர் 'வெப்மியூசியம்' என்று மாறியது, கூடம் நின்றது. மாணவன் ஒருவன் முந்திக்கொண்டு ஒரு பெரிய நிறுவனத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த கதை என்பதால் எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

ஓவியங்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவது ஒன்று. நடந்து செல்லக்கூடிய கூடத்தைக் கட்டுவது வேறு. 2007 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஓவியக்கூடம் 'செகண்ட் லைஃப்' என்ற இணைய உலகத்தில் தன் அறைகள் அனைத்தையும் அளவு பிசகாமல் எழுப்பி, 750 ஓவியங்களையும் உரிய இடத்தில் தொங்கவிட்டது. பார்வையாளர் பொம்மை உருவில் அங்கே நடந்தனர், எதிர்ப்பட்டவரோடு பேசினர். டிரெஸ்டன் இதைச் செய்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1945 பிப்ரவரியில் அந்நகரம் குண்டுமாரியில் எரிந்தது. ஓவியக்கூடத்தின் கட்டடமும் சிதைந்தது. முன்னதாக வேறிடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த ஓவியங்கள் பல தப்பின. ரபேலின் புகழ்பெற்ற 'சிஸ்டைன் மடோனா' உட்படப் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போய், 1955 இல்தான் திரும்பிற்று. ஓவியமில்லாத சுவரையும் சுவரில்லாத ஓவியத்தையும் நேரில் கண்ட ஊர் அது.

2011 பிப்ரவரி முதல் நாளில் கூகுள் நிறுவனம் தன் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. 9 நாடுகளின் 17 அருங்காட்சியகங்கள் சேர்ந்தன. தெருக்களைப் படம் பிடித்த காமிராவைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அறை அறையாக உருட்டிச் சென்றனர். ஒவ்வோர் அருங்காட்சியகமும் ஓர் ஓவியத்தைத் தந்து, அதை மட்டும் சுமார் 700 கோடிப் படப்புள்ளிகளால் பதிவு செய்யச் சொல்லிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 40 நாடுகளின் 151 நிறுவனங்கள் அதில் இருந்தன. டில்லி தேசிய அருங்காட்சியகமும் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்தக் கூடங்களில் நடந்தவர்கள் சில சுவர்களில் மங்கிய திட்டுகளைக் கண்டனர். பதிப்புரிமை தீராத ஓவியங்களுக்குத் திரை போட்டிருந்தார்கள். மண்டபம் திறந்திருக்கிறது, மூர்த்தியின் முன் திரை தொங்குகிறது. எல்லாம் எல்லாருக்கும் திறந்துவிட்டது என்போர் அந்தத் திட்டுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

உரிமை தீர்ந்துபோன பழைய ஓவியங்களின் நிலையும் நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. ஓவியர் இறந்து முந்நூறு ஆண்டு ஆயிருக்கும். ஆயினும் அதன் புகைப்படம் தனக்கே சொந்தம் என்று அருங்காட்சியகம் கட்டணம் கேட்கும். மூலத்தை அப்படியே காட்டும் புகைப்படத்துக்குப் புதிதாக உரிமை எதுவும் பிறப்பதில்லை என்று நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் 1999 இல் தீர்ப்பளித்தது; அதை எல்லா நாடும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012 இல் 125,000 படைப்புகளின் உயர்ந்த படங்களை, யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக வெளியிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 இல் 375,000 படங்களை அவ்வாறே விடுவித்தது. படியளக்கும் கை தாராளமானால் களஞ்சியம் குறைந்துவிடாது என்பதை இவ்விரண்டும் மெய்ப்பித்தன என்பது என் கருத்து.

ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் மணிமுடி, ரெம்பிராண்ட் 1642 இல் எழுதிய 'இரவுக் காவல்'. 2022 ஜனவரியில் வெளியான அதன் பதிவு 8,439 புகைப்படங்களை இணைத்துச் செய்தது. மொத்தம் 71,700 கோடிப் படப்புள்ளிகள். ஒரு புள்ளி என்பது மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. நான் அதை என் மேசையிலிருந்தபடியே ஒரு மாலை முழுதும் பார்த்தேன். படைத்தலைவனின் கண்ணை நோக்கிப் பெரிதாக்கிக்கொண்டே போனால், கண் மறைந்து தூரிகையின் தடம் வருகிறது. தடம் மறைந்து வெடிப்பு வருகிறது. வெடிப்பினுள்ளே சாயத்தின் துகள் வருகிறது. ஆம்ஸ்டர்டாம் சென்று கயிற்றுக்கு இப்பால் நிற்பவருக்கு இது கிட்டாது. ஆனால் நாலரை மீட்டர் அகலத்துச் சேனை ஒன்று தம்மை நோக்கி நடந்து வருவதைக் கண்டு அவர் ஒரு கணம் பின்வாங்குவாரே, அந்தக் கணம் எனக்குக் கிட்டவில்லை.

அதே ஓவியத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 1715 இல் அதை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் போன இடம் தெரியவில்லை. நல்லவேளையாக, அதற்கு முன்னரே கெரிட் லுண்டன்ஸ் என்பவர் முழு ஓவியத்தையும் சிறிய அளவில் பிரதி செய்திருந்தார். 2021 இல் அந்தப் பிரதியைக் கணினிக்குக் கொடுத்து, ரெம்பிராண்டின் கைப்போக்கையும் கற்பித்து, இழந்த ஓரங்களை மீண்டும் வரையச் செய்து, சில காலம் மூலத்தின் பக்கத்திலேயே பொருத்தி வைத்தார்கள். டெனியர்ஸின் சிறு பலகை செய்த அதே உதவிதான்.

ரியோ டி ஜனைரோவில் நேர்ந்தது துயரமான எதிர்ப்பக்கம். பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 ஆம் நாள் இரவில் எரிந்தது. சுமார் இரண்டு கோடிப் பொருள்கள் கொண்ட சேகரிப்பில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. தீக்கு முன்னே கூகுள் காமிரா அதன் சில அறைகளில் உருண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்தப் பதிவு வெளியாயிற்று. இல்லாத வீட்டின் தாழ்வாரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது. ஆராய்ச்சிக்கு அது போதாது. எனினும் ஒன்றுமே இல்லாத நிலைக்கு அது மேல்.

நிலத்தில் கட்டடமே இல்லாமல், கணினியில் மாத்திரம் பிறந்த அருங்காட்சியகமும் உண்டு. டச்சு ஓவியங்களைச் சேர்த்த கிரெமர் தம்பதியர் 2017 இல் அவ்வாறு ஒன்றை நிறுவினர். 74 ஓவியங்கள். ஒவ்வொன்றையும் 2,500 முதல் 3,500 முறைவரை படம் எடுத்து, மேடு பள்ளம் உட்பட உருவாக்கினர். யோஹான் வான் லியராப் என்ற கட்டடக் கலைஞர் மண்டபத்தை வரைந்தார். கண்ணை மூடிய கவசத்தை அணிந்தால் நாம் மண்டபத்துள் நிற்கிறோம். ஓவியத்தைச் சுற்றி அதன் பின்புறத்துக்கும் போகலாம். முதுகைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பழைய உடைமையாளரின் முத்திரையும் சீட்டும் அங்கேதான் ஒட்டியிருக்கும்; ஓவியத்தின் ஜாதகம் எழுதியிருப்பது முதுகில்தான்.

ஆனால் கவசத்துள் நாம் தனியாக நிற்கிறோம். பரிபாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. காமனும் இரதியும், இந்திரனும் அகலிகையும் எழுதப்பட்ட சுவர்களின் முன்னே வந்தவர்கள், இவர் யார், அவர் யார் என்று கேட்பதும், தெரிந்தவர் சுட்டிக் காட்டிச் சொல்வதுமாக மண்டபம் ஒலிக்கிறது. சித்திரசாலை என்றால் சுவர் மட்டும் அன்று, அந்தப் பேச்சும் சேர்ந்ததே என்று சங்கப் புலவர் அறிந்திருந்தார். டிரெஸ்டன் கூடத்தில் பொம்மைகள் பேசிக்கொள்ள முடிந்ததை நான் விளையாட்டாக எண்ணாததற்குக் காரணம் இதுவே.

இதுவரை சொன்னவை எல்லாம் துணியிலும் பலகையிலும் மூலம் உள்ள ஓவியங்கள். கணினியிலேயே பிறந்து, வேறெங்கும் மூலம் இல்லாத படைப்புகள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் கூடம் எது? இங்கே சரித்திரத்தில் ஒரு தமிழர் வருகிறார். சிங்கப்பூரில் இருந்துவந்த விக்னேஷ் சுந்தரேசன் 'மெட்டாகோவன்' என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். கோவன் என்பது அரசனைக் குறிக்கும் நம் சொல். பீப்பிள் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அமெரிக்கக் கலைஞர் மைக் விங்கல்மனின் 20 கணினிப் படைப்புகளைச் சுமார் 22 லட்சம் டாலருக்கு அவர் தரப்பு 2020 டிசம்பரில் வாங்கியது. அவற்றைத் தொங்கவிட மூன்று இணைய உலகங்களில் மண்டபங்கள் எழுப்பி, 2021 ஜனவரியில் யாரும் வந்து பார்க்கலாம் என்று திறந்தார்கள். சேகரிப்பையும் மண்டபங்களையும் ஒரு கோடிப் பங்குகளாக்கி விற்பனைக்கும் விட்டார்கள். அவ்வாண்டு மார்ச் 11 ஆம் நாள் கிறிஸ்டிஸ் ஏலத்தில், 2007 மே முதல் நாளிலிருந்து நாள்தோறும் பீப்பிள் செய்த 5,000 படங்களை ஒன்றுசேர்த்த படைப்பு 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போயிற்று. வாங்கியவரும் மெட்டாகோவனே. பங்குகளின் விலை அந்த மாதம் உச்சிக்கு ஏறிப் பின்னர் தரைக்கு இறங்கியது. பிரஸ்ஸல்ஸ் இளவரசரும் மதிப்பைப் பெருக்கிக்கொள்ளவே தம் கூடத்தை எழுதச் செய்தார் என்பதை மறவாதிருந்தால், பணமும் சித்திரசாலையும் கைகோத்து நடப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை.

அவர் வாங்கியது சரியாக எது? படத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விலைக்குப் போனது, உலகெங்கும் பல கணினிகளில் ஒருங்கே வைக்கப்படும் ஒரு பேரேட்டில், இது இன்னாருக்கு உரியது என்னும் பதிவு. அந்தப் பேரேட்டில் பெரும்பாலும் படம் இருப்பதில்லை. படம் இருக்குமிடத்தின் முகவரிதான் இருக்கும். பட்டா கையில் பத்திரமாக இருக்கும். நிலத்தை ஆறு கொண்டுபோய்விடலாம். 2021 இல் பிரேசிலில் தொடங்கிய 'ஹிக் எட் நங்க்' என்ற கணினிக் கலைச் சந்தை அதே ஆண்டு நவம்பரில் திடீரென்று மூடப்பட்டது. படைப்புகள் பல கைகளில் பரவியிருந்ததாலும், தளத்தின் நிரல் யாவருக்கும் திறந்திருந்ததாலும், பயன்படுத்தியவர்களே விரைவில் அதன் பிரதிகளை எழுப்பிக்கொண்டார்கள். பூட்டி வைத்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

கணினிக் கூடத்துக்குத் தீயைவிடப் பெரிய பகை மறதி. 1986 இல் பிபிசி, இங்கிலாந்தின் பழைய நிலக் கணக்கேடு எழுதப்பட்ட 900 ஆம் ஆண்டைக் கொண்டாட, மக்கள் எழுதிய செய்திகளையும் படங்களையும் ஒளித்தகடுகளில் பதிந்தது. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அதைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. ஆராய்ச்சியாளர் வருந்தி மீட்க வேண்டியதாயிற்று. 1086 இல் தோலில் மையால் எழுதிய பழைய ஏடோ விரித்தால் படிக்கலாம். 'ஃபிளாஷ்' என்ற மென்பொருளில் இணையக் கலைஞர்கள் படைத்தவை ஏராளம்; 2020 இறுதியோடு அம்மென்பொருளுக்கு அதன் நிறுவனம் விடைகொடுத்தது. ஒரே நாளில் எத்தனையோ படைப்புகள் ஊமையாயின. அவற்றைப் பேசவைக்க வேறு மென்பொருள்கள் எழுதவேண்டியிருந்தது. கோயில் விளக்குக்கு நாள்தோறும் எண்ணெய் விடுவதைப் போல, இந்தக் கூடத்துக்கு யாரேனும் இடைவிடாது உழைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985 இல் அமிகா என்ற புதிய கணினியின் வெளியீட்டு விழாவில் மேடையிலேயே படம் வரைந்து காட்டினார். பின்னும் சில படங்களை அதில் தனியாக வரைந்து தகடுகளில் சேமித்தார். 1987 இல் அவர் இறந்தார். தகடுகள் பிட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்துக்கு வந்து பெட்டியில் கிடந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழி அங்கே ஒருவருக்கும் இல்லை. 2011 இல் கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் அந்த விழாவின் பழைய படச்சுருளைத் தற்செயலாகப் பார்த்து, அருங்காட்சியகத்தைக் கேட்டார். அதே ஊரில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் நடத்திய கணினிக் கழகத்திடம் வேலை சென்றது. அவர்கள் பழைய கணினிகளைப் பொழுதுபோக்காகப் பழுதுபார்த்து வைப்பவர்கள். தகடுகள் சிதையாமல் படிப்பதற்கு ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். கோப்புகள் கிடைத்தன, திறக்கவில்லை. வெளிவராத ஒரு மென்பொருளின் அமைப்பில் அவை எழுதப்பட்டிருந்தன. மாணவர்கள் அந்த அமைப்பைப் பின்னிருந்து முன்னாக ஆராய்ந்து பிரித்தறிந்தார்கள்.

2014 ஏப்ரலில் செய்தி வெளியாயிற்று. 28 படங்கள்; 11 இல் வார்ஹாலின் கையொப்பம். அவருடைய புகழ்பெற்ற சூப் டப்பா, கைநடுக்கத்தோடு சுட்டியால் கிறுக்கியது போல் ஒன்று. அவருடைய சொந்த முகம் ஒன்று. மற்றொன்று, ஃப்ளாரன்ஸ் நகரத்துப் போத்திச்செல்லி ஐந்நூறு ஆண்டுக்கு முன்பு எழுதிய வீனஸ் தேவியின் முகம். ஒரு கண்ணைப் பிரதி எடுத்து நடுவில் ஒட்டியிருந்தார். ஏறத்தாழ 28 ஆண்டு தகட்டினுள்ளே உறங்கிக் கிடந்த அந்த அம்மை, மாணவர்களின் திரையில் மூன்று கண்களையும் திறந்தாள்.